நீதிமன்றம் எழுதிக் கொடுத்த திகதி: யூலியஸ் ஹிர்ஷ் என்ற உதைபந்தாட்ட வீரரின் வாழ்க்கை

1950ஆம் ஆண்டு ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூ நகர நீதிமன்றம், யூலியஸ் ஹிர்ஷ் என்பவர் இறந்துவிட்டதாக அறிவித்தது. இறந்த திகதியாக 1945 மே 8 பதியப்பட்டது. ஜேர்மனி சரணடைந்து ஐரோப்பாவில் யுத்தம் முடிந்த நாள் அது. அந்தத் திகதியில் அவரை உயிருடன் கண்டவர் எவருமில்லை. உடலைக் கண்டவரும் இல்லை. 1943 மார்ச் 1ஆம் திகதி கார்ல்ஸ்ரூ புகையிரத நிலையத்தில் வண்டி ஏறியவர் அவர். அதன் பிறகு வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரேயொரு தபாலட்டை. கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வராத யூதர்கள் பலருக்கும் ஜேர்மன் நீதிமன்றங்கள் இதே திகதியைத்தான் எழுதின. சட்டத்துக்கு ஏதோவொரு திகதி தேவைப்பட்டது. யுத்தம் முடிந்த நாள் அதற்கு வசதியாக இருந்தது. இப்படியான ஒரு தாள் ஒரு வீட்டுக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஹிர்ஷ் சாதாரண ஆளல்ல. ஜேர்மன் தேசிய அணிக்காக ஏழு தடவைகள் விளையாடியவர். இரண்டு வெவ்வேறு கழகங்களுடன் ஜேர்மன் சம்பியன் பட்டம் வென்றவர். முதலாம் உலக யுத்தத்தில் நாட்டுக்காகப் போராடி இரும்புச் சிலுவைப் பதக்கம் பெற்றவர். அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவுஸ்விட்ஸில் தொடங்கி அவுஸ்விட்ஸில் முடிப்பார்கள். எனக்கு அந்த முறையில் உடன்பாடில்லை. அவர் கொல்லப்பட்ட விதம் இலட்சக்கணக்கானோருக்கு நேர்ந்த விதம். அவர் வாழ்ந்த விதமோ ஒரு பிராந்திய லீக்குக்குள் அடங்கியது. அவரை முதலில் வெளியே தள்ளியதும் அந்த லீக்கின் கழகங்கள்தான். ஆகவே லீக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

இன்று ஜேர்மன் உதைபந்தாட்டம் என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது புண்டஸ்லிகாவும் பயேர்ன் மூனிச்சும். ஆனால் புண்டஸ்லிகா தொடங்கியதே 1963இல்தான். அதற்கு முந்திய அறுபது வருடங்களும் நாடு முழுவதற்குமான ஒரு லீக் ஜேர்மனியில் இருக்கவில்லை. தெற்கு, மேற்கு, வடக்கு, மத்திய ஜேர்மனி, பேர்லின் என்று பிராந்தியங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு சங்கமும், சொந்தச் சுற்றுப்போட்டியும், சொந்தச் சண்டைகளும் இருந்தன. தென் ஜேர்மன் சங்கம் 1897இல் கார்ல்ஸ்ரூவிலேயே உருவானது. தேசியச் சங்கமான டி.எஃப்.பி. அதற்குப் பிந்தியது, 1900இல் லைப்சிக்கில் பிறந்தது. பிள்ளை பிறந்து மூன்று வருடத்துக்குப் பிறகு தாய் பிறந்த கதை இது.

தென் ஜேர்மன் போட்டி அமைப்பு ஹிர்ஷின் காலத்தில் இப்படி இயங்கியது. பிராந்தியம் முழுவதும் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு முதற்தர லீக். கார்ல்ஸ்ரூ தெற்கு வட்டத்துக்குள் வந்தது. லீக்கில் ஒவ்வொரு கழகமும் மற்றக் கழகத்தைத் தன் மைதானத்தில் ஒரு தடவையும் எதிரியின் மைதானத்தில் ஒரு தடவையும் சந்திக்கும். நான்கு வட்டங்களிலும் முதலாவதாக வந்தவர்கள் தங்களுக்குள் மோதுவார்கள். அதில் வெல்பவர் தென் ஜேர்மன் சம்பியன். அவர் மற்றப் பிராந்தியங்களின் சம்பியன்களுடன் சேர்ந்து, தோற்றால் வெளியேறும் முறையில் நடக்கும் தேசியச் சுற்றுக்குப் போவார். தேசியச் சுற்றில் வருடத்துக்கு இரண்டு மூன்று ஆட்டங்கள்தான். மிச்சமெல்லாம் ஊரோடு ஊர் மோதும் லீக் ஆட்டங்கள்.

யாருக்கும் சம்பளம் கிடையாது. சங்கத்தின் விதி அதைத் தடை செய்தது. வீரர்கள் கிழமை நாட்களில் கடையிலோ கந்தோரிலோ பட்டறையிலோ வேலை செய்தார்கள், ஞாயிற்றுக்கிழமை விளையாடினார்கள். இந்த விதியை ஜேர்மன் சங்கம் வெகு காலம் இறுகப் பிடித்திருந்தது. 1930இல்கூட, அனுமதித்ததற்கு மேலதிகமாகச் செலவுப் பணம் கொடுத்தார்கள் என்று ஷால்கே கழகத்தின் முழு முதலாவது அணியையும் தடை செய்தார்கள். பணம் இல்லாத விளையாட்டில் ஒருவன் முப்பது வருடம் ஒரு கழகத்தோடு நிற்கிறான் என்றால், அவனை அங்கே பிடித்து வைத்திருப்பது வேறு ஏதோ ஒன்று. ஊர்க் கழகத்துக்கு விளையாடியவர்களுக்கு அது என்னவென்று தெரியும்.

யூலியஸ் ஹிர்ஷ் 1892 ஏப்ரல் 7ஆம் திகதி பாடன் பிரதேசத்தின் ஆகர்ன் என்ற சிறு நகரில் ஒரு யூத வியாபாரியின் ஏழாவது பிள்ளையாகப் பிறந்தார். பத்து வயதில், 1902இல், கார்ல்ஸ்ரூ உதைபந்தாட்டக் கழகத்தில் சேர்ந்தார். கார்ல்ஸ்ரூவில் எல்லோரும் அதைச் சுருக்கமாக கே.எஃப்.வி. என்பார்கள். அதை 1891இல் நிறுவிய மாணவர்களில் முதன்மையானவர் வால்தர் பென்ஸமான் என்ற யூத இளைஞர். பிற்காலத்தில் கிக்கர் என்ற விளையாட்டுச் சஞ்சிகையைத் தொடங்கியவரும் அவரே. இன்றும் ஜேர்மனியில் அது வெளிவருகிறது. ஆக, ஹிர்ஷ் போய்ச் சேர்ந்த கழகத்தில் யூதர்கள் விருந்தாளிகளாக இருக்கவில்லை. கழகத்துக்கு அத்திவாரம் போட்டவர்களிலேயே ஒருவர் யூதர்.

அந்தக் காலத்துக் கே.எஃப்.வி. பற்றி ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1903இல் முதலாவது தேசிய சம்பியன் போட்டி நடந்தபோது, அரையிறுதியில் கே.எஃப்.வி. பிராக் நகரின் ஜேர்மன் கழகத்தைச் சந்திக்க இருந்தது. ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டதாகக் கார்ல்ஸ்ரூவுக்கு ஒரு தந்தி வந்தது. வீரர்கள் பயணம் போகவில்லை. பார்த்தால் தந்தி பொய்; யாரோ செய்த வேலை. போட்டிக்கு வராத அணி என்று கே.எஃப்.வி. வெளியேற்றப்பட்டது. சிறுவன் ஹிர்ஷ் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிராத நேரம். கழகத்துப் பெரியவர்கள் இந்தத் தந்திக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

பாடசாலை முடித்து வியாபாரத் தொழிலைப் பழகிக்கொண்டிருந்த ஹிர்ஷ் 1909இல் முதலாவது அணிக்கு வந்தார். வயது பதினேழு. குள்ளமான உருவம், வேகம், பலமான இடது கால். இடது பக்க முன்கள வீரராக அவரை நிறுத்தியவர் பயிற்றுநர் வில்லியம் டவுன்லி. டவுன்லி ஆங்கிலேயர், 1890இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் மூன்று கோல்கள் அடித்து, அந்த இறுதியாட்டத்தில் அப்படிச் செய்த முதல் வீரர் என்ற பெயரைப் பெற்றவர். காற்றில் உயர அடித்துவிட்டுப் பின்னால் ஓடும் ஆட்டத்தை அவர் விரும்பவில்லை. நிலத்தோடு குறுகிய பரிமாற்றங்களைக் கற்றுக்கொடுத்தார். வலதில் ஃபோர்டரர், நடுவில் கொட்ஃபிரீட் ஃபுக்ஸ், இடதில் ஹிர்ஷ். இந்த மூவரின் பெயரையும் தென் ஜேர்மனியில் ஒரே மூச்சில் சொல்லும் காலம் வந்தது. மூவரில் ஃபுக்ஸும் யூதர்.

1909இன் ஜேர்மன் சம்பியன் கே.எஃப்.வி. அல்ல, அதே நகரின் மற்றக் கழகமான ஃபீனிக்ஸ். நடுத்தர அளவான ஒரு நகரத்தில் இரண்டு கழகங்கள், இரண்டும் நாட்டின் உச்சியில். அடுத்த வருடம் தேசியச் சுற்றின் அரையிறுதியில் இந்த இரண்டும் நேருக்கு நேர் சந்தித்தன. கே.எஃப்.வி. 2-1 என்று வென்றது. இறுதியாட்டம் 1910 மே 15இல் கொலோன் நகரில் கீல் அணிக்கு எதிராக நடந்தது. மேலதிக நேரம் வரை கோல் இல்லை. பிறகு கிடைத்த பெனால்டியை மாக்ஸ் பிரொய்னிக் கோலாக்கினார். 1-0. ஹிர்ஷுக்குப் பதினெட்டு வயது, ஜேர்மன் சம்பியன்.

1910, 1911, 1912 என மூன்று வருடங்களும் தொடர்ச்சியாக கே.எஃப்.வி. தென் ஜேர்மன் பட்டத்தை வென்றது. 1912 இறுதியாட்டத்தில் அதே கீல் அணி 1-0 என்று பழி தீர்த்துக்கொண்டது. இதற்கிடையே 1911 டிசம்பரில் ஹங்கேரிக்கு எதிராக ஹிர்ஷ் தேசிய அணிக்கு அறிமுகமானார். 1912 மார்ச் 24இல் நெதர்லாந்தின் ஸ்வொல்ல நகரில் நடந்த ஆட்டம் 5-5 என்று சமநிலையில் முடிந்தது. ஜேர்மனியின் ஐந்து கோல்களில் நான்கை அடித்தவர் ஹிர்ஷ், ஒன்றை அடித்தவர் ஃபுக்ஸ். அன்றைய ஜேர்மன் கோல்கள் எல்லாமே இரண்டு யூதர்களின் கால்களிலிருந்து வந்தவை. ஒரே சர்வதேச ஆட்டத்தில் நான்கு கோல்கள் அடித்த முதல் ஜேர்மனியர் ஹிர்ஷ். அந்த ஆண்டு கோடையில் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் ரஷ்யாவை ஜேர்மனி 16-0 என்று வென்றபோது ஃபுக்ஸ் மட்டும் பத்துக் கோல்கள் அடித்தார். அந்த ஆட்டத்தில் ஹிர்ஷ் இறங்கவில்லை. தோல்வியில் முடிந்த மற்ற இரண்டிலும் விளையாடினார். விளையாட்டில் இதுவும் நடக்கும்.

1913இல் வேலைக்காக அவர் நூரன்பேர்க்குக்குப் போனார். பக்கத்து நகரான ஃபூர்த்தின் கழகத்தில் சேர்ந்தார். அங்கே பயிற்றுநராக இருந்தவர் அவரது பழைய டவுன்லி. 1914 மே 31இல் மக்டெபேர்க்கில் லைப்சிக்குடன் நடந்த இறுதியாட்டம் முடிவுக்கே வரவில்லை. அந்தக் காலத்தில் கோல் விழும்வரை மேலதிக நேரம் நீண்டுகொண்டே போகும். 154ஆவது நிமிடத்தில் ஃபூர்த் மூன்றாவது கோலை அடித்து 3-2 என்று வென்றது. ஹிர்ஷுக்கு இரண்டாவது சம்பியன் பட்டம். இரண்டு மாதம் கழித்து உலக யுத்தம் தொடங்கியது.

நான்கு வருடம் போர்முனையில் இருந்தார். அவரது சகோதரர் ஒருவர் 1918இல் ஜேர்மன் சிப்பாயாகவே மாண்டார். ஹிர்ஷ் இரும்புச் சிலுவையுடன் திரும்பினார். 1919இல் மறுபடியும் கே.எஃப்.வி. அணிக்கு வந்து, 1920இல் ஒரு புரட்டஸ்தாந்துப் பெண்ணைத் திருமணம் செய்தார். 1922இல் ஒரு மகன், 1928இல் ஒரு மகள். 1925இல் முதலாவது அணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனாலும் கழகத்தை விடவில்லை. இளையவர்களுக்குப் பழக்கிக்கொண்டும் கழக வேலைகளைப் பார்த்துக்கொண்டும் இருந்தார். குடும்பத் தொழில் கொடிகள் செய்யும் தொழிற்சாலை. சமிக்ஞைக் கொடிகளும் விளையாட்டுப் பொருட்களும் விற்றார்கள். பொருளாதார நெருக்கடியில் அது தள்ளாடி, 1933 தொடக்கத்தில் வங்குரோத்தானது. அது ஹிட்லர் பதவிக்கு வந்த காலம். அந்த வீட்டுக்கு எல்லாம் ஒன்றாக வந்தது.

1933 ஏப்ரல் 9ஆம் திகதி ஸ்டுட்கார்ட்டில் தென், தென்மேற்கு ஜேர்மனியின் பதினான்கு முன்னணிக் கழகங்கள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டன. புதிய அரசின் கொள்கைகளுக்கு, குறிப்பாக யூதர்களைக் கழகங்களிலிருந்து நீக்கும் விடயத்தில், மகிழ்ச்சியோடு ஒத்துழைப்போம் என்பது அதன் சாரம். கையெழுத்திட்ட கழகங்களின் பட்டியலை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பயேர்ன் மூனிச் இருக்கிறது. ஒரு யூதரான குர்ட் லண்டவுவர் அதன் தலைவர் பதவியிலிருந்து விலகி மூன்று கிழமைகூட ஆகவில்லை. ஃபிராங்பேர்ட், நூரன்பேர்க், கைஸர்ஸ்லவுட்டர்ன் கழகங்கள் இருக்கின்றன. ஃபூர்த் இருக்கிறது. கார்ல்ஸ்ரூவின் ஃபீனிக்ஸ் இருக்கிறது. கே.எஃப்.வி.யும் இருக்கிறது. ஹிர்ஷுக்குச் சம்பியன் பட்டம் தந்த இரண்டு கழகங்களும் அந்தப் பட்டியலில் உள்ளன.

ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த நாளில் இப்படிச் செய்யுமாறு கழகங்களைக் கட்டாயப்படுத்தும் அரச உத்தரவு எதுவும் இருக்கவில்லை. யூதர்களை அரச சேவையிலிருந்து நீக்கும் சட்டம் இரண்டு நாள் முன்னர்தான் வந்திருந்தது. அது விளையாட்டுக் கழகங்களைத் தொடவில்லை. தேசியச் சங்கத்தின் அறிவித்தலே பத்து நாள் கழித்துத்தான் வந்தது. பதினான்கு கழகங்களும் முந்திக்கொண்டன. அரசுக்குப் பயந்தார்களா, சலுகை எதிர்பார்த்தார்களா, உண்மையிலேயே நம்பினார்களா என்று பிரித்துப் பார்ப்பதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. மூன்றும் கலந்துதான் இருந்திருக்கும். கையெழுத்து ஒன்றுதான்.

ஹிர்ஷ் இதைப் பத்திரிகையில் வாசித்தார். மறுநாள் ஏப்ரல் 10ஆம் திகதி கே.எஃப்.வி.க்குக் கடிதம் எழுதினார். 1902 முதல் உறுப்பினராக இருந்த கழகத்திலிருந்து மனக் கனத்தோடு விலகுவதாகத் தெரிவித்தார். இப்போது எல்லோராலும் வெறுக்கப்படும் இந்த மக்களுக்குள்ளும் நாட்டுப்பற்று உள்ளவர்கள் இருக்கிறார்கள், நாட்டுக்காக இரத்தம் சிந்தியவர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைவூட்டினார். மிகவும் பண்பான கடிதம். அவர்கள் வெளியேற்றும்வரை காத்திருக்கவில்லை, தானாக விலகிக்கொண்டார். அதில் ஒரு தன்மானம் இருக்கிறது. அதேவேளை கழகத்தின் வேலையை அவரே எளிதாக்கியும் விட்டார்.

அதே ஆண்டு லீக்கும் மாற்றப்பட்டது. பழைய பிராந்தியச் சங்கங்கள் கலைக்கப்பட்டன. நாடு பதினாறு கௌ என்ற பிரிவுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கௌலிகா உருவாக்கப்பட்டது. கார்ல்ஸ்ரூ கழகங்கள் பத்து அணிகள் கொண்ட பாடன் கௌலிகாவுக்குள் வந்தன. பதினாறு சம்பியன்களும் நான்கு நான்காகப் பிரிந்து மோதி, நான்கு பேர் அரையிறுதிக்குப் போவார்கள். உதைபந்தாட்டத்தை மட்டும் பார்த்தால் ஒழுங்கான அமைப்புத்தான். பழைய குழப்பங்கள் குறைந்தன என்று எழுதிய விளையாட்டு வரலாற்றாளர்களும் உண்டு. அந்த ஒழுங்குக்குள் யூதருக்கு இடமில்லை. அவர்கள் மக்காபி, ஷில்ட் என்ற இரண்டு யூத அமைப்புகளின் கீழ் தனியாகச் சுற்றுப்போட்டிகள் நடத்தினார்கள். ஷில்ட், முதலாம் யுத்தத்தில் ஜேர்மனிக்காகப் போராடிய யூத முன்னாள் சிப்பாய்களின் அமைப்பு. ஹிர்ஷ் நாற்பது வயது கடந்த நிலையில் கார்ல்ஸ்ரூவின் யூதக் கழகமான டி.சி.கே. 03இல் விளையாடினார், பயிற்றுவித்தார். அதே நகரம், அதே ஞாயிற்றுக்கிழமை. மைதானம்தான் வேறு. 1938 நவம்பர் வன்முறைகளுக்குப் பின் அந்த லீக்குகளும் இல்லாமல் போயின.

வருமானத்துக்கு அவர் பட்ட பாட்டை விரிவாக எழுத மனம் வரவில்லை. எல்லை தாண்டி பிரான்ஸின் அல்சாஸில் சில மாதங்கள் பயிற்றுநர் வேலை. பிறகு யூதர்களுக்குச் சொந்தமான ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதும் உத்தியோகம். உரிமையாளர்களிடமிருந்து அது பறிக்கப்பட்டபோது அவரது வேலையும் போனது. 1938இல் பாரிஸில் இருந்த சகோதரியிடம் போய்த் திரும்பும் வழியில், ஓடும் புகையிரதத்திலிருந்து குதித்தார். உயிர் தப்பியது. பிரான்ஸில் ஒரு மனநல வைத்தியசாலையில் பல வாரங்கள் இருந்துவிட்டு கார்ல்ஸ்ரூவுக்குத் திரும்பினார். அதன் பிறகு நகரசபையின் கீழ் கட்டாய வேலை. 1939இல் கிக்கர் வெளியிட்ட தேசிய வீரர்களின் படத் தொகுப்பில் ஹிர்ஷும் ஃபுக்ஸும் இல்லை. அந்தச் சஞ்சிகையைத் தொடங்கிய பென்ஸமான் 1933இல் சுவிற்சர்லாந்துக்குப் போய், மறு ஆண்டு அங்கேயே காலமாகியிருந்தார்.

ஏன் அவர் தப்பி ஓடவில்லை என்று பலர் கேட்பார்கள். ஃபுக்ஸ் ஓடினார், சுவிற்சர்லாந்து, பிரான்ஸ் வழியாகக் கனடா போய்ச் சேர்ந்தார். ஹிர்ஷிடம் அதற்குரிய பணம் இருக்கவில்லை. ஜேர்மனிக்காகப் போர் செய்தவன், ஜேர்மனிக்காகக் கோல் அடித்தவன், எனக்கு ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கையும் அவரிடம் கடைசி வரைக்கும் இருந்ததாகத் தெரிகிறது. பதுங்கு குழிக்குப் போகாமல் வீட்டுத் திண்ணையில் இருந்த பெரியவர்களை அறிந்தவர்கள் நாங்கள். அந்தக் கேள்வியை நான் கேட்கப் போவதில்லை.

யூதரல்லாத மனைவி இருந்ததால் அவருக்குக் கொஞ்சம் பாதுகாப்பு இருந்தது. அப்படியான கணவர்களை நாஸிகள் உடனடியாகக் கொண்டுபோகவில்லை. 1942இல் அவர்கள் விவாகரத்துச் செய்துகொண்டார்கள். தன்னோடு இருப்பதால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து என்று நினைத்தே அவர் அதற்கு உடன்பட்டார். அத்துடன் அவருக்கிருந்த அந்தச் சிறு மறைப்பும் நீங்கியது. சில மாதங்களுக்குள் வேலைக்கு அனுப்பப்படுவதாக அறிவித்தல் வந்தது. 1943 மார்ச் 1ஆம் திகதி மகள் அவரோடு புகையிரத நிலையம் வரை போனாள். அவளுக்குப் பதினைந்து வயது நிறைய ஓரிரு நாட்களே இருந்தன. டோர்ட்முண்ட் நகர முத்திரையோடு, மார்ச் 3ஆம் திகதியிட்டு வந்த தபாலட்டை அவளது பிறந்தநாளுக்கானது. தான் நலமாகச் சேர்ந்ததாக அதில் எழுதியிருந்தார். வண்டியின் முடிவிடம் அவுஸ்விட்ஸ். அந்த முகாமில் இலக்கம் கொடுத்துப் பதியப்பட்டவர்களில் ஹிர்ஷின் பெயர் கிடையாது. இறக்கப்பட்டவுடனேயே கொலைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவராக அவர் இருந்திருக்க வேண்டும் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

விவாகரத்து பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை. 1945 பெப்ரவரியில், யுத்தம் முடிய மூன்று மாதம் இருக்கையில், இருவரையும் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மே மாதத்தில் சோவியத் படை அங்கு வந்து சேர்ந்தது. இருவரும் உயிருடன் தாயிடம் திரும்பினார்கள். தகப்பன் திரும்பவில்லை. ஐந்து வருடம் கழித்து, நான் ஆரம்பத்தில் சொன்ன தாள் கிடைத்தது.

மகன் கார்ல்ஸ்ரூவிலேயே தங்கி, அங்கே ஒரு பயண நிறுவனத்தைத் தொடங்கினார். தகப்பனுக்கு நேர்ந்ததைப் பற்றி நகரமும் கழகங்களும் சங்கமும் வெகு காலம் வாய் திறக்கவில்லை. பதினான்கு கழகங்களின் அறிக்கை பழைய பத்திரிகைக் கட்டுகளுக்குள் கிடந்தது.

ஒருவர் மட்டும் மறக்கவில்லை. 1954இல் மேற்கு ஜேர்மனிக்கு உலகக் கிண்ணம் வென்று கொடுத்த பயிற்றுநர் செப் ஹேர்பேர்கர் மன்ஹைமைச் சேர்ந்தவர். பாடன் பிரதேசத்துச் சிறுவனாக ஃபுக்ஸின் ஆட்டத்தை நேரில் பார்த்து வளர்ந்தவர். 1972இல் மூனிச் ஒலிம்பிக் அரங்கின் திறப்பு ஆட்டம் சோவியத் அணிக்கு எதிராக நடக்க இருந்தது. ரஷ்யாவுக்குப் பத்துக் கோல் அடித்த ஃபுக்ஸைக் கனடாவிலிருந்து அழைத்துக் கௌரவியுங்கள் என்று ஹேர்பேர்கர் சங்கத்திடம் கேட்டார். இப்படி ஒரு முன்மாதிரியை ஏற்படுத்த விரும்பவில்லை என்று சங்கத் தலைமை மறுத்தது. நாஸிக் கட்சியில் உறுப்பினராக இருந்தவர் ஹேர்பேர்கர். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பதில் வருவதற்குள் ஃபுக்ஸ் மொன்றியலில் இறந்துவிட்டார். ஹிர்ஷை அழைக்கும்படி கேட்பதற்கு ஆளே இருக்கவில்லை.

2005 முதல் டி.எஃப்.பி. வருடாவருடம் யூலியஸ் ஹிர்ஷ் விருது வழங்குகிறது. இனவெறிக்கும் யூத வெறுப்புக்கும் எதிராகச் செயற்படும் கழகங்களுக்கும் ஆட்களுக்கும் அது கிடைக்கிறது. அறுபது வருடம் பிந்திய விருது என்று குறை சொல்வது எளிது. எனக்கு அதில் பிடித்த விடயம் ஒன்று உண்டு. விருது பெறுபவர்களில் பெரும்பாலானோர் பெரிய நட்சத்திரங்கள் அல்ல. கிராமத்துக் கழகங்கள், ரசிகர் குழுக்கள், சிறுவர் அணிகளைப் பழக்குபவர்கள். தங்கள் கழகத்தின் பழைய உறுப்பினர் பட்டியலை எடுத்து, 1933இல் யாரெல்லாம் காணாமல் போனார்கள் என்று பெயர் பெயராகத் தேடியவர்களும் அவர்களில் உண்டு. அந்தத் தேடலை அரசு செய்யவில்லை; கழகத்துப் பொடியள் செய்தார்கள்.

கார்ல்ஸ்ரூவில் ஃபீனிக்ஸ் 1952இல் இன்னொரு கழகத்துடன் இணைந்து கார்ல்ஸ்ரூஹர் எஸ்.சி. ஆனது, புண்டஸ்லிகா தொடங்கியபோது முதலாவது பருவத்திலேயே விளையாடியது. கே.எஃப்.வி.யின் வழி வேறாகிவிட்டது. பிராந்தியத்தின் இன்றைய அமைப்பு ஒரு நீண்ட ஏணி. மேலே மூன்று தேசிய லீக்குகள், அதன் கீழே ரெகியோனல்லிகா, அதன் கீழே 1978இல் உருவான பாடன்-வூர்ட்டெம்பேர்க் ஒபர்லிகா, பிறகு பாடன் பிரதேச லீக், அதற்கும் கீழே மாவட்ட வகுப்புகள். எட்டுத் தடவை தென் ஜேர்மன் சம்பியனான கழகம் படிப்படியாக இறங்கி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்குரோத்தாகி, கடைசிப் படியிலிருந்து மறுபடியும் ஏறத் தொடங்கியது. இப்போதும் அது மாவட்ட மட்டத்தில்தான் விளையாடுகிறது. சம்பளம் இல்லாத வீரர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள், கோட்டோரத்தில் நிற்கும் ஒரு சில பார்வையாளர்கள். ஹிர்ஷ் பத்து வயதில் போய்ச் சேர்ந்த அதே கழகம், அதே கறுப்பு-சிவப்பு நிறம்.